ஒரே கணினி, ஆளுக்கொரு கணக்கு: லினக்ஸ் டெர்மினலில் பயனரைச் சேர்க்கும் முறை

எங்கள் தெருப் படிப்பகத்தில் மூன்று பழைய கணினிகள் இருக்கின்றன, மூன்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். ஆரம்பத்தில் மூன்றிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கணக்கு வைத்திருந்தோம், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வைத்திருந்த பிராஜெக்டைத் திறந்தாள். உள்ளே வேறு யாருடைய பாடமோ இருந்தது. அதே பெயரில் இன்னொரு பையன் தன் கோப்பைச் சேமித்திருக்கிறான், ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதவா என்று கணினி கேட்டிருக்கிறது, அவனும் சரி என்று அழுத்திவிட்டான். பதினேழு பக்கம் போயே போச்சு. அவன் மேலும் தப்பில்லை, அவள் மேலும் தப்பில்லை. இரண்டு பேரையும் ஒரே கணக்கில் உட்கார வைத்தது நாங்கள்தான். அந்த வாரமே எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டேன். அப்போது செய்ததையும் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஒரே கணினி, டியூஷன் சென்டரில் நாலு கணினி, சின்ன அலுவலகத்தில் ஒரு சர்வர் என்று எங்கே இருந்தாலும் வேலை இதேதான்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் ஒருவருக்குச் சொல்வது போலக் கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்துதான், பெரிய எழுத்து வரும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன். கட்டளைப் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தால் நடுவே இடைவெளி விடக்கூடாது.

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரம், திறக்கும். கணக்கு உருவாக்கும் உரிமை எல்லோருக்கும் கிடையாது, அதனால் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'குரூப்ஸ்' என்று தட்டி என்டர் கொடுத்தால் நீங்கள் இருக்கும் குழுக்கள் வரிசையாக வரும். அதில் 'சூடோ' (நிர்வாக உரிமையோடு கட்டளை ஓட்டக்கூடியவர்களின் குழு) என்ற பெயர் இருந்தால் மேலே போகலாம். உபுண்டுவை நிறுவியபோது உருவாக்கிய முதல் கணக்கு என்றால் கட்டாயம் இருக்கும். ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பம் போன்ற வேறு லினக்ஸ்களில் அந்தக் குழுவுக்குப் பெயர் 'வீல்'.

சரி, இப்போது கயல்விழி என்ற மாணவிக்கு ஒரு கணக்கு போடுவோம். பயனர் பெயர் 'கயல்', ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து.

சூடோ ஆட்யூசர் கயல்

முதலில் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், அவளுடையதை அல்ல. நீங்கள் தட்டும்போது திரையில் நட்சத்திரமோ புள்ளியோ எதுவுமே வராமல் இருக்கலாம். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பாதியில் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அப்படித்தான் இருக்கும், தட்டி முடித்து என்டர் கொடுங்கள். அடுத்து நாலைந்து வரி ஓடும்: கயல் என்ற பெயரிலேயே ஒரு குழு உருவாகிறது, பயனர் உருவாகிறார், ஹோம் கோப்புறைக்குள் அவளுக்கு ஓர் இடம் உருவாகிறது, ஸ்கெல் என்ற கோப்புறையிலிருந்து சில கோப்புகள் அங்கே நகலாகின்றன. பிறகு கயலுக்கான புதுக் கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். கடைசியாக முழுப்பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, மற்றவை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். முழுப்பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதற்கெல்லாம் வெறும் என்டர் போதும். எல்லாம் சரியா என்று கேட்டால் ஒய் அழுத்துங்கள். முடிந்தது.

படிப்பகக் கணினிக்கு அறை எண் எதற்கு என்று தோன்றும். அந்தத் தகவல் போய் உட்காரும் இடத்துக்கு ஜீகாஸ் என்று பெயர். பெல் ஆய்வகத்தில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உருவான காலத்தில், அச்சிடுவது போன்ற சில வேலைகளுக்கு ஜீகாஸ் என்ற இயங்குதளம் ஓடிய வேறொரு பெரிய கணினிக்குக் கோப்புகளை அனுப்புவார்கள், அங்கே இவர் யார் என்று அடையாளம் காட்டுவதற்காக ஒரு சின்ன இடம் ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கணினிகள் போய்விட்டன, இடம் மட்டும் நிற்கிறது.

பயனர் பெயரைத் தமிழில் வைக்க ஆட்யூசர் விடாது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்க வேண்டும், பிறகு எண், ஹைஃபன், அடிக்கோடு வரலாம், இடைவெளி வரக்கூடாது. ஆனால் முழுப்பெயரைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம், இது பலருக்குத் தெரியாது.

சூடோ யூசர்மாட் -சி "கயல்விழி" கயல்

மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் தமிழ் விசைப்பலகைக்கு மாறித் தட்டுங்கள். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது உள்நுழையும் திரையில் 'கயல்விழி' என்று தமிழிலேயே வரும். எங்கள் படிப்பகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பெயரைத் திரையில் தமிழில் பார்த்ததும் ஓடிவந்து ஆளாளுக்குத் தொட்டுக் காட்டினார்கள். ஒரு வரிதான், செய்து கொடுங்கள்.

இப்போது உள்ளே என்ன நடந்தது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பார்த்துவிட்டால் பிறகு எது கெட்டாலும் பயம் இருக்காது. இதைத் தட்டுங்கள்:

கெட்என்ட் பாஸ்டபிள்யூடி கயல்

பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் ஆறெழுத்துதான் அந்த இரண்டாவது சொல். ஒரே ஒரு வரி வரும், தமிழில் எழுதினால் இப்படி:

கயல்:எக்ஸ்:1001:1001:கயல்விழி:/ஹோம்/கயல்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளிகளால் பிரிந்த ஏழு பகுதிகள். பயனர் பெயர், கடவுச்சொல் இருந்த இடத்தில் ஓர் எக்ஸ், பயனர் எண், குழு எண், முழுப்பெயர், அவளுடைய கோப்புறை, அவளுக்குத் திறக்கும் ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்). கணினியைப் பொறுத்தவரை கயல் என்பது 1001 என்ற எண்தான், பெயர் நமக்காக. கோப்பு யாருடையது என்று வட்டில் எழுதி வைப்பதும் இந்த எண்ணைத்தான். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனருக்கு எண் 0, கணினியே தன் வேலைகளுக்காக வைத்திருக்கும் கணக்குகள் ஆயிரத்துக்குக் கீழே, மனிதர்களுக்கு 1000 முதல் தொடங்கும். எண்ணை நினைவில் வையுங்கள், கணக்கை நீக்கும்போது இது பெரிய விஷயமாக வரும்.

இரண்டாவது இடத்தில் ஏன் வெறும் எக்ஸ்? இந்த வரி இருக்கும் பாஸ்டபிள்யூடி கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு காலத்தில் மறைகுறியாக்கிய கடவுச்சொல்லே இந்த இடத்தில்தான் இருந்தது, கணினிகளின் வேகம் கூடக் கூட அதை எடுத்துப் போய் உடைப்பது எளிதாகிவிட்டதால், ரூட் மட்டும் பார்க்கக்கூடிய ஷேடோ என்ற தனிக் கோப்புக்கு மாற்றினார்கள். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனின் பழைய கடவுச்சொல்லே இப்படி 2019இல் உடைந்தது. பழைய பி.எஸ்.டி. யூனிக்ஸ் கோப்புகளோடு அந்தப் பட்டியலும் வெளியே கிடைத்தது, மற்றவர்களில் பலருடையது உடைந்த பிறகும் அவருடையது பல வருடம் தாக்குப்பிடித்தது. கடைசியில் பார்த்தால் அது சதுரங்கத்தில் ராணிக்கு முன்னே நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் ஆட்டம், பழைய குறியீட்டு முறையில் எட்டே எழுத்தில். அன்றைக்கு எட்டு எழுத்துக்கு மேல் வைக்க முடியாது. இன்றைக்கு அந்தத் தடை இல்லை, அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள், ஆச்சரியக்குறியும் டாலரும் போட்டு நாளைக்கே மறந்துபோகும் எட்டெழுத்தை விட அது பலம்.

நம் படிப்பகத்துப் பிரச்சினையும் புதியதல்ல. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஓர் அமைப்பை உருவாக்கியபோதுதான் கணினியில் ஆளுக்கொரு கடவுச்சொல் என்ற வழக்கமே வந்தது. இவருடைய கோப்பு அவர் கையில் சிக்கக்கூடாது என்பதே காரணம். அதே அமைப்பில் ஒரு நாள் கடவுச்சொல் கோப்பும் அன்றைய அறிவிப்புக் கோப்பும் இடம் மாறி, உள்நுழைந்தவர்களுக்கெல்லாம் எல்லோருடைய கடவுச்சொல்லும் அச்சாகிவிட்டது. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல் மாற்றி வைக்க வேண்டும் என்பதற்கு, 1979இல் ராபர்ட் மாரிஸும் தாம்சனும் எழுதியபோது காட்டிய உதாரணங்களில் அதுவும் ஒன்று.

கயலுக்கு வருவோம். நீங்கள் வைத்த கடவுச்சொல் உங்களுக்குத் தெரியும், அது தெரியாமல் போவதுதான் சரி. அவள் முதன்முதலாக உள்ளே வரும்போது அவளே மாற்றிக்கொள்ளும்படி செய்யலாம்.

சூடோ சேஜ் -டி 0 கயல்

ஆங்கிலத்தில் மாற்றம் என்ற பொருளுள்ள சேஞ்ச் என்ற சொல்லில் 'என்' எழுத்தை எடுத்துவிட்டால் இந்தக் கட்டளை. டி என்பது டாக் என்ற சொல்லின் முதல் எழுத்து, டேபிளின் முதல் எழுத்து இல்லை. கடைசியில் இருப்பது சுழியம். கடவுச்சொல்லைக் கடைசியாக மாற்றிய நாள் எது என்பதை 1970 ஜனவரி 1இலிருந்து நாள் கணக்கில் கணினி குறித்து வைத்திருக்கும். அதைச் சுழியம் ஆக்கினால், உடனே மாற்று என்று பொருள். கோடை விடுமுறைக்கு மட்டும் வரும் பிள்ளை என்றால் கணக்குக்கே ஒரு கடைசி நாள் குறிக்கலாம், சேஜ் கட்டளையில் -ஈ போட்டு (இது பெரிய எழுத்து) வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் நடுவே ஹைஃபன் இட்டுக் கொடுங்கள். அந்த நாள் வந்தால் கணக்கு தானாக மூடிக்கொள்ளும், கோப்புகள் அப்படியே இருக்கும்.

இணையத்தில் தேடினால் ஆட்யூசருக்குப் பதில் 'யூசர்ஆட்' என்ற கட்டளையைத்தான் நிறைய இடத்தில் பார்ப்பீர்கள். பெயர் திருப்பிப் போட்டது போல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றிலும் ஆட்யூசர் என்பது கேள்வி கேட்டு எல்லாவற்றையும் பார்த்துச் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட், யூசர்ஆட் சொன்னதை மட்டும் செய்யும். உபுண்டுவில் 'சூடோ யூசர்ஆட் கயல்' என்று மட்டும் தட்டினால் கணக்கு உருவாகும், ஆனால் கோப்புறை இருக்காது, கடவுச்சொல் இருக்காது, பிள்ளை உள்ளே வர முடியாது. அதையே பயன்படுத்துவதென்றால் இப்படி:

சூடோ யூசர்ஆட் -எம் -எஸ் /பின்/பாஷ் கயல்
சூடோ பாஸ்டபிள்யூடி கயல்

-எம் கோப்புறையை உருவாக்கும், -எஸ் ஷெல் எது என்று சொல்லும், இரண்டாவது வரி கடவுச்சொல் வைக்கும். ஃபெடோராவில் ஆட்யூசர் என்று தட்டினாலும் ஓடுவது யூசர்ஆட்தான், அதனால் அங்கே கேள்வி எதுவும் வராது, கோப்புறை மட்டும் தானாக உருவாகிவிடும். யூசர்ஆட்டில் -பி என்று ஒன்று உண்டு, கடவுச்சொல்லையும் அந்த வரியிலேயே கொடுத்துவிடலாம் என்று பலர் அதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அது எதிர்பார்ப்பது ஏற்கெனவே மறைகுறியாக்கிய வடிவத்தை. சாதாரணமாகத் தட்டினால் அது அப்படியே ஷேடோ கோப்பில் போய் உட்கார்ந்துவிடும், அதை வைத்து யாரும் உள்ளே வர முடியாது, போதாததற்கு நீங்கள் தட்டியது டெர்மினலின் வரலாற்றிலும் பதிந்திருக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் குழுக்கள். அச்சுப்பொறியை நிர்வகிப்பது, மென்பொருள் நிறுவுவது போன்ற உரிமைகள் எல்லாம் குழு வழியாகத்தான் வருகின்றன. உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும் பயனரை ஏற்கெனவே இருக்கும் குழுவில் சேர்க்க ஆட்யூசரே போதும், முதலில் பயனர், பிறகு குழு. உதாரணமாக, அச்சுப்பொறிக் குழுவில் சேர்க்க:

சூடோ ஆட்யூசர் கயல் எல்பிஅட்மின்

இதே வேலையை எல்லா லினக்ஸிலும் செய்யும் இன்னொரு வழி யூசர்மாட். அதில் -ஏஜி என்று போட வேண்டும், ஏ சிறியது, ஜி பெரியது. அந்தச் சிறிய ஏ-வை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை அச்சுப்பொறிக் குழுவில் சேர்க்க அவசரத்தில் வெறும் பெரிய ஜி மட்டும் போட்டேன். பிழை எதுவும் வரவில்லை, வேலையும் நடந்தது, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் சூடோ என்று தட்டினால், சூடோயர்ஸ் கோப்பில் நீங்கள் இல்லை என்று கணினி சொல்கிறது. ஏ இல்லாமல் ஜி மட்டும் கொடுத்தால் 'இந்தக் குழுவிலும் சேர்' என்று பொருளில்லை, 'இந்தக் குழுவில் மட்டும் இரு' என்று பொருள். சூடோ உட்பட மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டிருந்தது. குழு மாற்றம் அடுத்த உள்நுழைவில்தான் நடைமுறைக்கு வரும், அதனால்தான் முதல் நாள் தெரியவில்லை. அந்தக் கணினியில் நிர்வாக உரிமை உள்ள வேறு ஆளும் இல்லை.

உங்களுக்கும் இப்படி ஆனால் பதற வேண்டாம், கணினியை மறுபடி நிறுவவும் வேண்டாம். அணைத்துவிட்டுத் திறக்கும்போது, பழைய கணினி என்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், புதியதென்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். க்ரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோட், அதற்குள் ரூட். வட்டு அப்போது படிக்க மட்டும் திறந்திருக்கலாம், எழுதவும் திறக்க:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

பிறகு ஆட்யூசர், ஒரு இடைவெளி, உங்கள் பயனர் பெயர், ஒரு இடைவெளி, சூடோ. ரீபூட். ஐந்து நிமிட வேலை. இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்திருக்கும்: கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் நிர்வாகி ஆகிவிடலாம். வட்டை மறைகுறியாக்காத வரை அது அப்படித்தான், ஆகவே அலுவலகக் கணினி என்றால் நிறுவும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

சூடோ குழுவில் யாரைச் சேர்ப்பது? என் பதில்: இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் மட்டும் இருந்தால் மேலே சொன்னது நடக்கும். எல்லோரும் இருந்தால் தனித்தனிக் கணக்கு போட்டதற்கே பொருளில்லை, சூடோ உள்ளவர் யாருடைய கோப்பையும் திறக்கலாம், அழிக்கலாம். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், கொடுக்காதீர்கள்.

உபுண்டு 21.04க்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடுகிறதென்றால் இன்னொரு விஷயம். அதில் உருவாகும் கோப்புறைகளை மற்றப் பயனர்கள் மாற்ற முடியாது, ஆனால் திறந்து பார்க்கலாம். அதன் பிறகு வந்த பதிப்புகளில் பார்க்கவும் முடியாது. பழையதில் நீங்களே மூடிவிடுங்கள்:

சூடோ சிஹெச்மாட் 750 /ஹோம்/கயல்

நிறையப் பேருக்குக் கணக்கு போட வேண்டுமானால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஸ்கெல் கோப்புறையைப் பாருங்கள், ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும். அதில் எதைப் போட்டு வைத்தாலும் பிறகு உருவாகும் ஒவ்வொரு பயனரின் கோப்புறைக்கும் அதன் நகல் போய்விடும். தமிழ்த் தட்டச்சு எப்படி என்று ஒரு பக்கம் எழுதி அதில் வைத்தேன், புதிதாக வரும் பிள்ளை யாரும் என்னிடம் கேட்பதில்லை. மொத்தமாக உருவாக்கக் கட்டளைகள் இருக்கின்றன, ஆனால் இருபது பேர் வரைக்கும் ஆட்யூசரையே இருபது முறை ஓட்டுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடவுச்சொல்லை அவர் கையாலேயே தட்டச் சொல்லலாம். கடவுச்சொற்களை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைக்கும் ஆபத்தும் இல்லை.

ஒருவர் போய்விட்டால் கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள், முதலில் மூடுங்கள். பலரும் சொல்லும் வழி 'பாஸ்டபிள்யூடி -எல்' (சிறிய எல்). அது ஷேடோ கோப்பில் கடவுச்சொல்லுக்கு முன்னே ஓர் ஆச்சரியக்குறியைப் போடும், அவ்வளவுதான். கடவுச்சொல் இனி பொருந்தாது, ஆனால் அவர் எஸ்.எஸ்.ஹெச். சாவி (கடவுச்சொல் இல்லாமலே வேறு கணினியிலிருந்து உள்நுழைய உதவும் கோப்பு) வைத்திருந்தால் வெளியிலிருந்து வழக்கம்போல உள்ளே வந்து போவார். சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கையே மூட:

சூடோ யூசர்மாட் -ஈ 1 கயல்

இங்கே ஈ சிறியது. கணக்கின் கடைசி நாள் 1970 ஜனவரி 2 என்று ஆகிவிடும், எந்தச் சாவியாலும் திறக்காது. திரும்பி வந்தால் சேஜ் கட்டளையில் பெரிய ஈ போட்டு -1 என்று கொடுங்கள், பழையபடி திறந்துவிடும்.

உண்மையிலேயே நீக்க வேண்டிய நாள் வந்தால், முதலில் அந்தக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து உரியவரிடம் கொடுங்கள். பிறகு:

சூடோ டெல்யூசர் --ரிமூவ்-ஹோம் கயல்

ரிமூவுக்கு முன்னால் இரண்டு ஹைஃபன். மற்ற லினக்ஸ்களில் 'யூசர்டெல் -ஆர்'. இது அவளுடைய கோப்புறையை நீக்கும், கணினியில் வேறு இடங்களில் அவள் சேமித்ததைத் தொடாது. அந்தக் கோப்புகளின் மேல் இன்னும் 1001 என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கும். உபுண்டுவின் ஆட்யூசர் காலியாக இருக்கும் முதல் எண்ணை எடுக்கும் வழக்கமுள்ளது, ஆகவே அடுத்து வரும் பையனுக்கு அதே 1001 கிடைத்தால் கயலின் மிச்சக் கோப்புகள் எல்லாம் அவனுடையதாகிவிடும். எங்கள் பொதுக் கோப்புறையில் இது நடந்தது. சேர்ந்து ஒரு நாள்கூட ஆகாத பையன் பெயரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்புகள் நின்றன, அவனுக்கே ஒன்றும் புரியவில்லை. அதனால் நீக்கிய கையோடு, அடுத்த ஆளைச் சேர்ப்பதற்கு முன், இதை ஓட்டுங்கள்:

சூடோ ஃபைன்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர்

நடுவில் இருப்பது சாய்கோடு. உரிமையாளர் இல்லாமல் நிற்கும் கோப்புகளின் பட்டியல் வரும், கொஞ்ச நேரம் ஆகலாம். ஹோம் கோப்புறை வட்டின் தனிப் பிரிவில் (பார்ட்டிஷன்) இருந்தால் சாய்கோட்டுக்குப் பதில் /ஹோம் என்று கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். வருகிற ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், வேண்டியதை 'சிஹெச்ஓன்' கட்டளையால் வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள், மற்றதை அழியுங்கள். பட்டியல் காலியாக வந்த பிறகு அடுத்த பெயரைச் சேர்க்கலாம்.